பழைய கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

2024 பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

எங்கள் வீடு சென்னை முகப்பேரில் இருக்கிறது. மகளுக்காகக் கொளத்தூரில் வாங்கிய இரண்டு ஒராண்டா தங்கமீன்கள் இப்போது உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கின்றன. இரண்டு நாளில் தண்ணீர் கலங்கிவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நல்ல அளவில் புதுத் தொட்டி வாங்க இப்போது வசதி இல்லை. தெரிந்தவர் ஒருவர் தம் மொட்டை மாடியில் கிடக்கும் மூன்றடித் தொட்டியை 1,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் உயரமான அறுகோணத் தொட்டி ஒன்றை இலவசமாகவே தருகிறார். எதை எடுப்பது? பழைய தொட்டி என்றால் நள்ளிரவில் உடைந்துவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார்.

2024 பிப்ரவரி 4, இரவு

அறுகோணத் தொட்டியை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். தண்ணீருக்குள் பிராணவாயு கலப்பது அதன் மேற்பரப்பு வழியாகத்தான். உயரம் கூடக்கூட லிட்டர் கணக்கு ஏறுமே தவிர மேற்பரப்பு ஏறாது. தங்கமீன் மேலும் கீழுமாக நீந்துவதைவிட நீளவாக்கில் நீந்தவே விரும்பும். உங்கள் கிண்ணத்தில் நடப்பதும் இதுதான்: மேலே குறுகும் வாய், கீழே அழுக்கு, வடிகட்டி வைக்க இடமில்லை. இத்தாலியின் ரோம் நகர நிர்வாகம் 2005-லேயே உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதற்குத் தடை விதித்தது.

மீன்கள் வாயைத் திறந்து மூடுவது பசியினால் அல்ல. பிராணவாயு குறைந்திருக்கலாம், அல்லது அவை செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா தேங்கி அந்தச் செவுளையே எரிக்கலாம். தொட்டி கிடைக்கும் வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஒரு சிறிய ஏர் பம்ப் வையுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மெட்ரோ தண்ணீராக இருந்தால், கடைகளில் ஆன்டி குளோரின் என்று தரும் சோடியம் தயோசல்பேட்டைக் கலக்காமல் ஊற்றக் கூடாது.

மாடியில் கிடக்கும் மூன்றடித் தொட்டியைப் பற்றி முடிவு சொல்லும் முன் மூன்று விவரங்கள் வேண்டும்: அகலமும் உயரமும் எவ்வளவு, கண்ணாடியின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், அது எதனால் மாடிக்குப் போனது. மூன்றாவது விவரம்தான் முக்கியமானது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை விற்பவர் தண்ணீரும் மீனுமாக அதைக் காட்டுகிறார். காய்ந்து கிடக்கும் தொட்டியை விற்பவர் வார்த்தையை மட்டும் தருகிறார். என்னைப் பொறுத்தவரை பழைய தொட்டி வாங்குவதில் முதல் விதி, இன்றைக்கும் தண்ணீர் நிற்கும் தொட்டியைத் தேடுவது.

2024 பிப்ரவரி 5

அளவைப் பற்றி நேற்று விட்டுப்போனது. கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும் ஒராண்டா, ஒழுங்காக வளர்ந்தால் 15 முதல் 20 செ.மீ. வரை வரும். ஒற்றை வாலுள்ள காமெட் வகை 30 செ.மீ.யைத் தொடக்கூடியது. பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இவற்றுக்கு அதிசயம் இல்லை; 1956-ல் பிரிட்டனில் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆகவே இன்றைய மீனைப் பார்த்துத் தொட்டி வாங்கக் கூடாது, வளர்ந்த மீனைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி 56 லிட்டர்தான். அது குஞ்சுப் பருவத்துக்கு மட்டும் போதும். இரண்டு ஒராண்டாக்களுக்கு நான் நூறு லிட்டருக்குக் கீழே ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக வாங்கினால் அந்த அளவுக்கும் சிறிய தொட்டிக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கும். பழையதாக வாங்கும்போது அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீடு மாறுபவர்களும், பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்ட பெற்றோரும் பெரிய தொட்டியைத்தான் முதலில் கழித்துக்கட்ட விரும்புவார்கள், ஏனென்றால் இடத்தை அடைப்பது அதுதான். பழைய தொட்டி வாங்குவதன் உண்மையான லாபம் பணத்தை மிச்சம் பிடிப்பதில் இல்லை, அதே பணத்தில் மீனுக்கு இரட்டிப்பு இடம் கொடுப்பதில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 6

தொட்டியைப் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள், ஒரு கைவிளக்கும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியில் உள்ள கீறல்கள் பெரும்பாலும் அழகுக் குறைபாடுகள்தான். நகம் மாட்டாத கீறலை விட்டுவிடலாம். மூலைகளில் சில்லு தெறித்திருந்தாலோ, விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு உள்நோக்கி ஓடினாலோ பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். அந்தக் கோடு தண்ணீரின் அழுத்தத்தில் நீளும்.

அடுத்தது சிலிக்கான். பலரும் உள்மூலையில் வளைவாகத் தெரியும் சிலிக்கானை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தொட்டியைத் தாங்கி நிற்பது அதுவல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே மெல்லிய படலமாக இருக்கும் சிலிக்கான்தான் தாங்குகிறது. அதைப் பார்க்க வெளிப்பக்கத்திலிருந்து, மூலைக்கு நேராகக் கண்ணை வைத்து மேலிருந்து கீழாக வர வேண்டும். படலம் ஒரே நிறத்தில் இருந்தால் நல்லது. நடுவில் வெண்மையாகத் திட்டுகள், வரிசையாகக் காற்றுக் குமிழிகள், கண்ணாடியை விட்டுப் பிரிந்த பளபளப்பு ஆகியவை தெரிந்தால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்மூலைச் சிலிக்கானை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள்: ரப்பரைப் போல அழுந்தி மீள வேண்டும். உரிந்து வந்தாலோ, அதன் பின்னால் பாசியோ சுண்ணாம்புப் படிவோ புகுந்திருந்தாலோ தண்ணீர் அந்த வழியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

வெள்ளைக் கறை படிந்த தொட்டியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது நம் ஊர்ப் போர் தண்ணீரின் கடினத்தன்மை விட்டுச் சென்ற சுண்ணாம்பு. வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்தால் இளகிவிடும். ஆனால் அந்தக் கறை தொட்டிக்கு வெளியே, அடிவிளிம்பு நெடுக ஓடினால் அது வேறு செய்தி. கசிந்த தண்ணீர் காய்ந்த தடம் அது.

2024 பிப்ரவரி 6, இரவு

தடிமனைப் பற்றிப் பின்னூட்டத்தில் ஒருவர், நீளமான தொட்டிக்கும் குட்டைத் தொட்டிக்கும் தண்ணீர் ஒரே உயரம் என்றால் ஒரே கண்ணாடி போதாதா என்று கேட்டிருக்கிறார். கண்ணாடியின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம்தான், அது உண்மை. ஆனால் தாங்கலில்லாமல் நீண்டிருக்கும் கண்ணாடி அதே அழுத்தத்துக்கு அதிகமாக வளையும். ஓரடி உயரம், இரண்டடி நீளமுள்ள முன்கண்ணாடியை விளிம்பு வரை நிரம்பிய தண்ணீர் ஏறத்தாழ 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. ஒன்றரை அடி உயரம், மூன்றடி நீளம் என்றால் அது 90 கிலோவைத் தாண்டிவிடுகிறது. முன்னதற்கு 5 மி.மீ. போதும், பின்னதற்கு 8 மி.மீ. வேண்டும், நான்கடி என்றால் 10 மி.மீ. வேண்டும் என்பது என் கணக்கு. விற்பவர் சொல்லும் தடிமனை நம்பாமல் மேல்விளிம்பில் அளவுகோலை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 8, கேள்வி கேட்டவரின் பதில்

மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். கண்ணாடி 6 மி.மீ. மேலே குறுக்காக ஒரு கண்ணாடிப் பட்டை இருந்த அடையாளம் தெரிகிறது, ஆனால் பட்டை இல்லை. சுத்தம் செய்ய இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துவிட்டார்களாம். வீட்டுக்கு அருகிலுள்ள ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் வாங்கி எல்லா மூலையிலும் பூசிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

2024 பிப்ரவரி 8

வாங்க வேண்டாம். உங்கள் மனைவியின் அச்சம் இந்தத் தொட்டியைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது.

மேலே குறுக்காக ஒட்டப்படும் பட்டை அலங்காரத்துக்காக வைக்கப்படுவதில்லை. தண்ணீர் நிரம்பியதும் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நடுவில் வெளிநோக்கி வளையப் பார்க்கும். இரண்டையும் பிடித்து இழுத்து வைத்திருப்பது அந்தப் பட்டைதான். 6 மி.மீ. கண்ணாடியில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த ஒருவர் துணிந்திருந்தால், அந்தப் பட்டையை நம்பியே துணிந்திருப்பார். அதை எடுத்த பிறகு எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பக்கவாட்டு ஒட்டுகள் எவ்வளவு இழுபட்டன என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

ஹார்டுவேர் கடைச் சிலிக்கான் யோசனையை இரண்டு காரணங்களுக்காக மறுக்கிறேன். முதலாவது, புதுச் சிலிக்கான் கண்ணாடியோடு நன்றாக ஒட்டும், காய்ந்த பழைய சிலிக்கானோடு சரியாக ஒட்டாது. மேலே பூசுவது கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது. முறையாகச் செய்வதென்றால் பழையதை முழுவதும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடிகளைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், பிறகு ஒரு வாரம் காயவிட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த தொட்டிக்காரர் கேட்கும் கூலியில் நல்ல தொட்டியே கிடைத்துவிடும். இரண்டாவது, குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், அது மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கு ஏற்றது என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கும் சிலிக்கானைத்தான் பயன்படுத்த வேண்டும்.

2024 பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் தனி மடலில் தெரிவித்த செய்தியை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். அண்ணா நகரில் வீடு காலி செய்யும் ஒரு குடும்பம் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை இரும்பு ஸ்டாண்டு, ஏர் பம்பில் ஓடும் இரண்டு பெரிய ஸ்பான்ஜ் ஃபில்டர்கள் (பஞ்சு வடிகட்டிகள்) ஆகியவற்றோடு 5,000 ரூபாய்க்குத் தருகிறது. கண்ணாடி 10 மி.மீ., குறுக்குப் பட்டை இருக்கிறது, உள்ளே மூன்று தங்கமீன்கள் இப்போதும் நீந்துகின்றன. நான் இவ்வளவு நாள் தேடச் சொன்னது இப்படிப்பட்ட தொட்டியைத்தான்.

எடையை முதலில் யோசியுங்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 255 லிட்டர். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். பால்கனியிலோ அறையின் நடுவிலோ வைக்காமல், தரைக்கு அடியில் உத்திரம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. ஸ்டாண்டின் பற்றவைப்பு இடங்களைத் துருவுக்காகப் பாருங்கள், பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுரண்டியே பாருங்கள். மரத்தூள் பலகையில் செய்த அலமாரியாக இருந்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருப்பேன். ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதிய பலகை மறுபடி எடை தாங்காது.

குட்டி யானையில் ஏற்றும்போது தொட்டி முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். ஒரு சாண் தண்ணீரை விட்டுவைத்துத் தூக்கினாலும் அது அலைந்து அடிக்கண்ணாடியை உடைக்கும். குறுக்குப் பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். வண்டியில் அடிக்கண்ணாடி முழுவதும் தட்டையான பலகையின் மேல் இருக்கட்டும்.

2024 பிப்ரவரி 13

நேற்றிரவு முழுவதும் ஒரே விஷயம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய தொட்டி எதுவாக இருந்தாலும் கிருமி நீக்கிவிட்டுத்தான் மீனை விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நானும் பலருக்கு அதையே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் விலைமதிப்பில்லாத பகுதி அந்த ஸ்பான்ஜில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதான். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிளீச்சில் நனைத்தால் அவை ஒரே நிமிடத்தில் அழியும்.

எனவே முடிவை அந்த மூன்று மீன்களிடமே விடுகிறேன். போய் அரை மணி நேரம் அவற்றைப் பாருங்கள். துடுப்புகள் விரிந்து, தீனிக்கு ஓடி வந்து, உடலில் வெள்ளைப் புள்ளியோ புண்ணோ பஞ்சு போன்ற படிவோ இல்லாமல் இருந்தால், சமீபத்தில் புதுமீன் எதுவும் சேர்க்கவில்லை என்று அவர்களும் சொன்னால், ஸ்பான்ஜை அப்படியே காப்பாற்றுங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு மூடியில்லாத வாளியில் எடுத்து, ஸ்பான்ஜை அதில் போட்டு, வீடு வந்து சேர்ந்த உடனே ஏர் பம்பை இணையுங்கள். காய்ந்துபோனாலோ காற்றில்லாமல் மணிக்கணக்கில் கிடந்தாலோ அது வெறும் பஞ்சு.

மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு ஒவ்வொன்றாகச் செத்த வரலாறு இருக்குமானால் எதையும் காப்பாற்ற வேண்டாம். மீன்களைத் தாக்கும் காசநோய் வகைக் கிருமி ஒன்று கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும்; குளோரினுக்கு அது எளிதில் அடங்காது, 70 சதவீத ஆல்கஹாலுக்கு அடங்கும். அப்படிப்பட்ட தொட்டியை நான் விலை பேசவே மாட்டேன். வேறு சாதாரண நோய் வந்த தொட்டி என்றால் வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, பலமுறை அலசி, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசினால் போதும். சோப்புத் தூள் மட்டும் கூடாது. சிலிக்கானில் ஊறிவிட்டால் அதை வெளியேற்றுவது மிகக் கடினம்.

2024 பிப்ரவரி 14

தெர்மாகோல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அடிக்கண்ணாடி நேரடியாக ஸ்டாண்டில் உட்காரும் தொட்டிக்கு, அதாவது நம் ஊரில் ஒட்டித் தரும் தொட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு, அடியில் தெர்மாகோல் அட்டை வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் கூட அழுத்தப் புள்ளியாகி அடிக்கண்ணாடியைப் பிளக்கலாம். அடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் உள்ள, கம்பெனியில் செய்து வரும் தொட்டிக்கு வைக்கக் கூடாது. அங்கே எடையைத் தாங்குவது சட்டம். நடுவில் உள்ள கண்ணாடியைத் தெர்மாகோல் மேல்நோக்கித் தள்ளும்.

2024 பிப்ரவரி 19

தொட்டி முகப்பேர் வந்து சேர்ந்துவிட்டது. மீன்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் ஸ்பான்ஜ்களோடு ஒரு நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாயில் பத்திரமாக இருக்கின்றன, கிண்ணத்து ஒராண்டாக்கள் வேறொரு பெரிய வாளிக்கு மாறிவிட்டன. இது பொறுமையாக இருக்க வேண்டிய கட்டம். ஓடிக்கொண்டிருந்த தொட்டியும் வண்டியில் வந்த பிறகு மறுபடி சோதிக்கப்பட வேண்டியதுதான்.

ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் காலடியில் ஆப்பு கொடுத்துச் சமன் செய்யுங்கள். தொட்டிக்கு அடியில் ஆப்பு கொடுக்கக் கூடாது. பிறகு மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி இன்னொரு மணி நேரம், பிறகு முழுவதும். சுற்றிலும் செய்தித்தாள் விரித்து, காய்ந்த டிஷ்யூ காகிதத்தை எல்லா மூலையிலும் அடிவிளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள்; கைக்குத் தெரியாத ஈரம் காகிதத்துக்குத் தெரியும். தண்ணீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி மூன்று நாள் விட்டுவிடுங்கள். சிறிதளவு இறங்கினால் ஆவியாகியிருக்கலாம். காகிதம் காய்ந்திருக்கிறதா என்பதே தீர்ப்பு.

ஐந்து தங்கமீன்களுக்கு 255 லிட்டர் என்பது போதுமான அளவுதான், தாராளம் இல்லை. அவர்கள் கொடுத்த மூன்றில் ஒன்று காமெட் என்று படத்தில் தெரிகிறது. வேகமாக நீந்தும் அது தீனியை முந்திக்கொள்ளும், மந்தமாக நீந்தும் ஒராண்டாக்கள் பட்டினி கிடக்கும். அதைக் குளம் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். ஏரியிலோ கோயில் குளத்திலோ விட வேண்டாம்.

2024 பிப்ரவரி 23

கசிவு இல்லை என்று செய்தி வந்திருக்கிறது. மிகுந்த நிம்மதி. மீன்களை விடும் முன் மின்சாரத்தையும் பாருங்கள். பழைய ஏர் பம்பின் வயரில் டேப் சுற்றியிருந்தால் பம்பையே மாற்றுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. பம்பு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு ஒன்று அவசியம். அது இல்லையென்றால் மின்வெட்டின்போது தண்ணீர் திரும்பி வந்து பம்பில் இறங்கும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் தொட்டிக்கு முன்பே அதற்குச் செலவிடுங்கள், குழந்தை கையை உள்ளே விடும் தண்ணீர் இது. விற்றவர்கள் ஹீட்டரும் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் தங்கமீனுக்கு அது தேவையில்லை.

2024 மார்ச் 10

இரண்டு வாரத்துக்குப் பிறகு அம்மோனியா சோதனைத் திரவத்தில் நிறம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறார். ஸ்பான்ஜ் உயிரோடு வந்துவிட்டது. இருந்தாலும் வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதை நிறுத்த வேண்டாம். போர் தண்ணீரில், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8 வரை இருப்பதால் இதை வற்புறுத்துகிறேன்: 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 என்றால் அது ஐந்து பங்கைத் தாண்டும்.

அடுத்து வருவது கோடை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும், 30 டிகிரித் தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். அதே வெப்பத்தில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. ஏப்ரல் தொடங்கும் முன் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலைமூடி போடுங்கள், தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்குங்கள், இரண்டு ஸ்பான்ஜையும் இரவு பகலாக ஓடவிடுங்கள், மதிய வெயில் படும் ஜன்னலுக்குத் திரை கட்டுங்கள். மின்வெட்டுக்காக பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி ஸ்டாண்டின் கீழ்த்தட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.